கொலம்போ முழுத்தொகுப்பு டிவிடி: ஒரே கோட்டில் 35 ஆண்டுகள்

பீட்டர் ஃபால்க் துப்பறியும் அதிகாரியாக நடித்த ‘கொலம்போ’ தொடரின் 69 கதைகளும் அடங்கிய டிவிடி பெட்டியை, ஒளிபரப்பான வரிசையிலேயே, ஒன்றையும் தாண்டாமல் பார்த்து முடிக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. ஒவ்வொரு கதையும் ஒன்றேகால் மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை ஓடக்கூடியது என்பதால், மொத்தம் நூறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நடிகர், ஒரே வேடம், ஒரே மழைக்கோட்டு என்றிருக்கும் ஒன்றுக்கு இவ்வளவு நேரத்தையும் பணத்தையும் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதல் 45 கதைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். மீதி 24 கதைகளில் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஆயினும் இரண்டு பகுதிகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதில் ஒரு பயன் உண்டு. ஒரு நடிகர் ஒரு வேடத்தைச் சிறுகச் சிறுக உருவாக்குவதையும், பிற்காலத்தில் அந்த வேடம் அவரைத் தன் பழக்கங்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்வதையும் வரிசையாகப் பார்க்கிறவர் மட்டுமே உணர முடியும்.

பெட்டியின் முதுகில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டு, இலங்கைத் தலைநகரைப் பற்றிய படமா என்று வீட்டில் கேட்டார்கள். இந்தக் கொலம்போ லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் கொலை விசாரணைப் பிரிவில் பணியாற்றும் இத்தாலிய வம்சாவளி அதிகாரி. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இரட்டை எழுத்தாளர்கள் படைத்த பாத்திரம் இது. கொலையாளி யார் என்பதைக் கதை தொடங்கியவுடனேயே காட்டிவிடுவது இத்தொடரின் முறை. கொலை எப்படித் திட்டமிடப்பட்டது, எந்தப் பொய்ச்சாட்சியம் தயாரிக்கப்பட்டது என்பதையெல்லாம் நாம் பார்த்து முடித்த பிறகுதான் அதிகாரி உள்ளே நுழைவார். சில கதைகளில் இதற்கு அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகிவிடும். மர்மம் என்று மறைத்து வைக்க எதுவும் இல்லாத இத்தகைய அமைப்பில், பார்வையாளரை இருக்கையில் உட்கார வைக்கும் பொறுப்பு முழுவதும் இரண்டு நடிகர்களின் மீது விழுகிறது. அவர்களில் ஒருவர் கதைதோறும் மாறுகிறார். மாறாதவர் ஃபால்க் ஒருவரே.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. என்னிடம் உள்ள பதிப்பில் நடிகரைப் பற்றிய ஆவணப்படமோ, நேர்காணலோ, ஒரு சிறு கையேடோகூட இல்லை. இது பெரிய குறை. 1927-இல் நியூயார்க்கில் பிறந்த ஃபால்க், கண்ணில் வந்த புற்றுநோயால் மூன்றாவது வயதிலேயே வலது கண்ணை இழந்தவர். வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணோடு இருந்தார். பள்ளி நாள்களில் பேஸ்பால் ஆட்டமொன்றில் தான் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்ததும், அந்தக் கண்ணைக் கழற்றி நடுவரிடம் நீட்டி, இது உமக்குப் பயன்படும் என்றாராம். இதை அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். ராணுவம் கண்ணைக் காரணம் காட்டி ஏற்றுக்கொள்ளாததால் வணிகக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்தார். பிறகு படிப்புக்குத் திரும்பி, 1953-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கனெக்டிகட் மாநில அரசின் வரவுசெலவு அலுவலகத்தில் வேலைத்திறனை அளவிடும் பகுப்பாய்வாளராக அமர்ந்தார். முதல் நாள் காலையில் அலுவலகக் கட்டடத்தையே கண்டுபிடிக்க முடியாத வேலைத்திறன் நிபுணர் தான் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் அவர். கொலம்போவைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் குரல் உடனே பிடிபட்டுவிடும்.

அலுவலக நேரத்துக்குப் பிறகு ஹார்ட்ஃபோர்டு நகரின் அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தவர், வெஸ்ட்போர்ட்டில் ஈவா லெ காலியென் என்னும் மூத்த நடிகை நடத்திய வகுப்பில், தானும் தொழில்முறை நடிகர்தான் என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். வகுப்புக்குத் தாமதமாகவே வந்துகொண்டிருந்தவரிடம் அந்த அம்மையார் ஒருநாள் காரணம் கேட்க, உண்மை வெளிவந்தது. நடிகர் இல்லையென்றால் ஆகிவிட வேண்டியதுதானே என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, 1956-இல், 29 வயதை எட்டும்போது, ஃபால்க் அரசு வேலையை விட்டார். இரண்டு கண்ணுள்ள நடிகரே இதே சம்பளத்துக்குக் கிடைப்பாரே என்று ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோ தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிய கதையும் இதையொட்டி நடந்ததே. ஆனால் 1960-இலும் 1961-இலும் வெளிவந்த இரண்டு படங்களுக்காக, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது. முதலாவதில் கூலிக்குக் கொலை செய்யும் ஏப் ரெலிஸ் என்னும் பாத்திரம், இரண்டாவது ஃபிராங்க் காப்ரா இயக்கிய நகைச்சுவைப் படம். 1962-இல், தொலைக்காட்சிக்கு வழங்கப்படும் எம்மி விருதுகளில் முதலாவதும் வந்துவிட்டது. ஆக, கொலம்போவுக்கு முன்பே ஏறிவிட்ட நடிகர் அவர். தொலைக்காட்சி அவரைக் கண்டெடுக்கவில்லை.

பெட்டியின் முதல் தட்டில் இருப்பது 1968 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்’. எழுத்தாளர்களின் மனத்தில் அப்போது இருந்தவர்கள் லீ ஜே. காப், பிங் கிராஸ்பி போன்ற வயதில் மூத்த நடிகர்கள். ஃபால்க்குக்கு வயது 40. பின்னாளில் நாம் அறிந்த கொலம்போ இதில் பாதிதான் இருக்கிறார். தலைமுடி படிய வாரப்பட்டிருக்கிறது, கோட்டு கசங்கியிருந்தாலும் ஒழுங்காக இருக்கிறது, குரலில் ஓர் அதிகாரியின் கடுமை தெரிகிறது. கொலைக்கு உடந்தையான இளம் நடிகையை அவர் மிரட்டிக் கத்தும் காட்சி ஒன்று உண்டு. எழுபதுகளின் கொலம்போ அப்படி ஒருபோதும் கத்தமாட்டார். ஆனால் மனநல மருத்துவராக வரும் ஜீன் பாரியுடன் மதுக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்காரும் காட்சியில், கொலை செய்கிறவனுக்குக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு வாய்ப்புத்தான், எங்களுக்கோ இது ஆண்டுக்கு நூறு முறை செய்யும் தொழில் என்ற பொருளில் அவர் பணிவாகச் சொல்லும் இடத்தில், அடுத்த 35 ஆண்டுகளுக்கான பாத்திரம் முளைவிட்டுவிடுகிறது. அதைச் சொல்லும்போது அவர் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

1971 செப்டம்பரில் தொடர் முறையாகத் தொடங்கியது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி இதை வேறு இரு துப்பறியும் தொடர்களோடு சுழற்சி முறையில் ஒளிபரப்பியதால், ஆண்டுக்கு எட்டுக் கதைகளுக்கு மேல் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னோடியாக வந்த இரண்டு கதைகளை விட்டால், 1978 வரையிலான ஏழு பருவங்களில் மொத்தம் 43 கதைகள்தாம். இந்தப் பகுதி இன்னமும் வாடாமல் இருப்பதற்கு இந்த நிதானமே முதன்மைக் காரணம் என்பது என் எண்ணம். முதல் பருவத்தின் தொடக்கக் கதையை இயக்கியவர் 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பர்க். தட்டச்சுப் பொறியின் ஓசை மட்டும் கேட்க, கார் ஒன்று கட்டடத்தை நெருங்கும் அந்தத் தொடக்கம் இன்றைக்கும் புதிதாகத் தெரிகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, அதில் கணவனை இழந்த பெண்ணுக்காக ஃபால்க் சமையலறையில் ஆம்லெட் செய்யும் காட்சி. ஆறுதல் வார்த்தைகள் சொல்லி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாத மனிதர் கையை எதிலாவது ஈடுபடுத்துவது போலத் தோன்றும். ஆனால் கேள்விகள் நின்றபாடில்லை.

அவருடைய நடிப்பின் சூட்சுமம் கேட்பதில் இருக்கிறது. எதிரே நிற்பவர் பேசும்போது ஃபால்க்கின் கை சட்டைப்பைகளில் பென்சிலைத் தேடும், சுருட்டு அணைந்துபோகும், கண் மேசைமேல் இருக்கும் ஏதோவொரு பொருளில் நிற்கும். கவனிக்கவில்லை என்று கொலையாளி நம்பத் தொடங்கும் அந்த நொடியில், தலை ஒருபுறம் சாய்ந்து அந்த ஒற்றைக் கண் சட்டென்று நிலைபெறும். செயற்கைக் கண்ணால் பார்வை சற்று விலகித் தெரியும் இயல்பை, பாத்திரத்தின் மறதிக்கும் தந்திரத்துக்கும் ஒரே சமயத்தில் பயன்படுத்திக்கொண்டார் அவர். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்று கேட்கும் புகழ்பெற்ற வழக்கம் பிறந்த விதம் வேடிக்கையானது. ‘பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்’ கதையை எழுத்தாளர்கள் முதலில் மேடை நாடகமாக எழுதியபோது ஒரு காட்சி நீளம் போதாமல் நின்றது. மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, வெளியே போன அதிகாரியையே திரும்ப வரவழைத்துவிட்டார்கள். அதை ஒவ்வொரு முறையும் அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் செய்துகாட்டியது நடிகரின் திறமை.

மழைக்கோட்டு ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. 1967-இல் நியூயார்க்கில் 57-ஆம் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொள்ள, பக்கத்துக் கடையில் 15 டாலருக்கு வாங்கியது. ஓட்டை உடைசல் பீஜோ 403 காரையும் ஸ்டுடியோ வாகனக் கொட்டகையில் அவரே தேடிப் பிடித்தார். மழையே அதிகம் பெய்யாத லாஸ் ஏஞ்சலஸில் அந்தக் கோட்டைச் சுமந்து திரியும் மனிதரைப் பெரும் பணக்காரர்களின் மாளிகைகளில் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் தொடரின் அரசியல் இருக்கிறது என்றும் சொல்லலாம். ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் கொலையாளி செல்வர், பெரும்பாலும் படித்தவர், தன் வேலைக்காரரிடம் பேசும் தொனியிலேயே அதிகாரியிடமும் பேசுபவர். 1976-இல் வந்த மந்திரவாதிக் கதையில், மனைவி வாங்கித் தந்த புதுக்கோட்டைப் போட்டுக்கொண்டு யோசிக்க முடியவில்லை என்று அவர் அதைத் தொலைக்கப் பார்க்கும் பாடு சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்புக்குள்ளும் ஒரு நடிகர் தன் உடைக்கும் தன் சிந்தனைக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்லும் உண்மை இருக்கிறது.

ஒரே ஒரு கதையைத்தான் காட்ட முடியும் என்றால், 1973-இல் வந்த ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ கதையை எடுப்பேன். டொனால்ட் பிளெசன்ஸ் அதில் திராட்சை மது ஆலையை உயிராக நேசிக்கும் மனிதர். ஆலையை விற்கத் துணிந்த, மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியை அடித்துவிடுகிறார். அவரை நெருங்குவதற்காகக் கொலம்போ மதுவைப் பற்றிப் படிக்கிறார், சுவைக்கப் பழகுகிறார். ஒரு கட்டத்தில் அது விசாரணைக்கான உத்தியாக இருப்பது நின்று, உண்மையான மரியாதையாக மாறிவிடுவதை ஃபால்க் எந்த வசனமும் இல்லாமல் காட்டுகிறார். கடைசியில் இருவரும் காருக்குள் உட்கார்ந்து மது அருந்தும் காட்சியில், கைது என்ற சொல்லுக்கே இடமில்லை. இதற்கு நேர்மாறான ஒன்று, அதே ஆண்டில் வந்த மருத்துவமனைக் கதை. ‘ஸ்டார் ட்ரெக்’ புகழ் லியனார்ட் நிமாய் அதில் இரக்கமற்ற அறுவை மருத்துவர். அவர் எகத்தாளமாகச் சிரித்ததும் கொலம்போ தண்ணீர்க் குடுவையை மேசைமேல் ஓங்கி அறைகிறார். பதினைந்து கதைகளாக அடக்கி வைத்த கோபம் அந்த ஓசையில் வெளிப்படுவதால், வரிசையாகப் பார்த்து வந்தவர்களுக்கு அது உடம்பைத் தூக்கிப்போடும். அந்தக் கதையை மட்டும் தனியே பார்ப்பவருக்கு வெறும் சத்தமாகவே போய்விடும்.

எதிர்நின்ற நடிகர்களில் பாட்ரிக் மக்கூனைத் தனியே சொல்ல வேண்டும். நான்கு முறை கொலையாளியாக வந்து, அதில் இருமுறை எம்மி விருது பெற்றவர். ஐந்து கதைகளை இயக்கியும் இருக்கிறார். 1974-இல் ராணுவப் பள்ளித் தலைவராக அவர் செய்த பாத்திரம், தன் கொள்கையில் அசையாத மனிதருக்கும் எதையும் விட்டுக்கொடுப்பது போல நடிக்கும் மனிதருக்கும் இடையிலான ஒரு மௌன யுத்தம். ஆனால் அவரே இயக்கி 1976-இல் வந்த கப்பல் தளபதிக் கதையை என்னால் பொறுக்க முடியவில்லை. வழக்கத்துக்கு மாறாகக் கொலையாளி யார் என்பதை மறைத்து வைத்ததோடு, ஃபால்க்கையும் ஆள்மேல் சாய்ந்து முணுமுணுக்கும் விசித்திரப் பிறவியாக ஆக்கிவிட்டார்கள். பிற்காலச் சரிவின் முதல் அறிகுறி இதிலேயே இருக்கிறது.

1978 மே மாதத்தோடு என்பிசி காலம் முடிந்து, 1989 பிப்ரவரியில் ஏபிசி நிறுவனத்தில் தொடர் மீண்டும் தொடங்கியது. 2003 ஜனவரி வரை, நீண்ட இடைவெளிகளோடு, 24 கதைகள் வந்தன. இவற்றில் ஃபால்க் தயாரிப்பிலும் பங்கெடுத்தார். அதனால் அவரை நிறுத்துவார் இல்லாமல் போயிற்றோ என்று தோன்றுகிறது. பென்சில் தேடும் கை இப்போது கூடுதல் நேரம் தேடுகிறது, முன்பு மூன்று நொடியில் முடிந்த திகைப்பு பத்து நொடி நீள்கிறது, ஒவ்வொரு கதையும் ஒன்றரை மணி நேரத்தை நிரப்பியாக வேண்டியிருப்பதால் இந்த நீட்டல் கண்ணை உறுத்துகிறது. எதிரே வரும் நடிகர்களிலும் பழைய தரம் எப்போதும் இல்லை. கொலையே இல்லாமல், கடத்தப்பட்ட மணப்பெண்ணைத் தேடும் 1992-ஆம் ஆண்டுக் கதை கொலம்போவின் பெயரைச் சுமக்கும் வேறொரு தொடர் போலவே இருக்கிறது. எனினும் 1990-இல் மக்கூன் திரும்பி வந்த கதைக்காக ஃபால்க்குக்கு ஐந்தாவது எம்மி கிடைத்தது நியாயமே; பழைய வேகம் அதில் முழுமையாக இருந்தது. 1997-இல் வந்த கதை ஒன்றில், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும்போது, ஒரு கண்ணைவிட மூன்று கண்கள் நல்லவைதானே என்று கொலம்போ போகிறபோக்கில் சொல்வார். கொலம்போவுக்கும் ஒரு கண்தான் என்பதை அவ்வளவு காலம் கழித்துச் சொன்ன அந்த வரிக்காக நான் அக்கதையின் மற்ற குறைகளை மன்னித்துவிட்டேன்.

இந்தப் பெட்டியை மட்டும் பார்ப்பவர் ஃபால்க்கின் பாதியை மட்டுமே அறிவார் என்பதையும் வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும். கொலம்போ புகழின் உச்சத்தில் இருந்தபோதுதான் அவர் தன் நண்பரும் இயக்குநருமான ஜான் கசாவெட்டிஸின் ‘எ உமன் அண்டர் தி இன்ஃபுளூயன்ஸ்’ படத்துக்குத் தன் கைப்பணம் 5 லட்சம் டாலரைக் கொடுத்து, அதில் மனநலம் குலையும் மனைவியின் கணவனாக நடித்தார், 1974-இல் வந்தது. அந்தக் கணவன் அன்பில் அடிப்பவன், கேட்கத் தெரியாதவன். கொலம்போவின் ஒவ்வொரு குணத்தையும் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற பாத்திரம். 1987-இல் விம் வெண்டர்ஸ் பெர்லினில் எடுத்த தேவதைகள் படத்திலோ ஃபால்க் நடிகர் பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார், தெருவில் போகும் இளைஞர்கள் அவரைக் கொலம்போ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தக் கசாவெட்டிஸே 1972-இல் இசை நடத்துநராக, கொலையாளியாக இத்தொடரில் வருகிறார் என்பதால், இருவரின் நட்பு திரையில் எப்படி ஒன்றையொன்று சீண்டியது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் பெட்டிக்குள் இருக்கிறது. கொலம்போவின் பாசெட் நாயும் அக்கதையில்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. கடைசிவரை அதற்குப் பெயர் வைக்கப்படவே இல்லை.

பொருளைப் பற்றிச் சொல்லவேண்டியவை சில உள்ளன. எழுபதுகளின் கதைகள் அந்தக் காலத் தொலைக்காட்சியின் சதுர வடிவிலேயே இருக்கின்றன. திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும், அதை இழுத்து நிரப்பாதீர்கள். படத்தின் தெளிவு டிவிடிக்கு உரிய அளவில் உள்ளது. பெரிய திரையில் இரவுக் காட்சிகள் மங்கும். ஆங்கில வசன வரிகளை வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது, ஏனெனில் ஃபால்க் பாதிச் சொற்களைச் சுருட்டோடு சேர்த்து மென்றுவிடுவார். அமெரிக்காவில் விற்கப்படும் பதிப்பு முதலாம் மண்டலக் குறியீடு கொண்டது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியது ஐந்தாம் மண்டலம். எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் கருவி இல்லாதவர்கள் வாங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம். முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் இருப்பதால், வந்து சேர்ந்த அன்றே ஒவ்வொன்றையும் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அவசியம். பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கிய என் பெட்டியில் இரண்டு தட்டுகள் கீறலோடு வந்தன. திருப்பி அனுப்பும் காலம் கடந்த பிறகுதான் நான் அவற்றைப் போட்டுப் பார்த்தேன்.

முழுத்தொகுப்புக்குப் பணம் போதாதவர்கள் எழுபதுகளின் பருவங்களைத் தனித்தனியாக வாங்கலாம். அப்படி வாங்குவோர் மூன்றாம் பருவத்தில் தொடங்கி, பிறகு முதல் பருவத்துக்கும் 1968-ஆம் ஆண்டுக் கதைக்கும் திரும்புவது நல்லது. வளர்ந்த கொலம்போவோடு பழகிய பின் பார்த்தால், தலைவாரிய அந்த இளைய அதிகாரியிடம் இன்னும் என்னென்ன வந்து சேரவில்லை என்று எண்ணிக்கொண்டே பார்க்க முடிகிறது.